உள்ளே நின்ற ஒரு வண்டி

எங்கள் யார்டில் வண்டி எண்ணும்போது கடைசியில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். காலை ஷிப்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் 'உள்ளே உள்ள வண்டிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அது பதினெட்டு என்றால் நிஜத்தில் பதினேழு. ஏழு என்றால் ஆறு. தீபாவளிக்கு மறுநாள் யார்டே வெறிச்சென்று கிடக்கும்போதும் அந்தக் கட்டம் ஒன்று என்று சொல்லும். புதிதாகச் சேருபவர்களுக்குப் பாத்ரூம் எங்கே என்று காட்டிவிட்டு அடுத்து நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கௌசர் சேர்ந்த அன்று, "ஏன்க்கா ஒண்ணு கயிக்கணும்?" என்று கேட்டாள். "அது அப்டித்தான். கயிச்சுக்கோ" என்றேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது என்றுதான் ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் டெபோரா. காசிமேட்டுக்காரி. எர்ணாவூரில் காலிக் கன்டெய்னர் அடுக்கி வைக்கும் யார்டு ஒன்றில் கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைச் சுமந்து வரும் டிரெய்லரின் நம்பர், பெட்டியின் நம்பர், டிரைவர் பெயர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சீட்டு கொடுப்பது என் வேலை. அதற்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் ஆறு வருடம் பில் போட்டேன். ஆனால் இது என் கதை இல்லை. எங்கள் கம்ப்யூட்டர்காரர் டில்லிபாபுவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் நான் வந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

பாபு அண்ணனுக்கு வயது நாற்பத்து நான்கு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வீடு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகன் டிப்ளமோ படித்துக் கம்ப்யூட்டர் பக்கம் வந்ததால் அவர்கள் பிளாக்கில் அவருக்கு 'சாப்ட்வேர்' என்றே பெயர். சாப்ட்வேர் என்றால் கண்ணாடிக் கட்டடமும் ஏசி பஸ்ஸும் என்று நினைக்கிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் சட்டைக் காலரைப் பார்த்ததில்லை. ரோட்டில் ஓடும் லாரிகளின் நிலக்கரித் தூள் படிந்து கரிக்கோடு போட்டிருக்கும். யார்டில் அவர் பதவி 'சிஸ்டம்ஸ்'. ஃபேன் ஓடவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம்.

அவர் தோளில் ஒரு பை. ஒரு பக்கப் பட்டை அறுந்து, நெட்வொர்க் கேபிளால் முடிச்சுப் போட்டிருப்பார். உள்ளே கீல் உடைந்த லேப்டாப், இன்சுலேஷன் டேப் சுற்றிய சார்ஜர், நாலைந்து பென் டிரைவ், ஒரு சின்ன ஸ்குரு டிரைவர், பழைய பனியனிலிருந்து கிழித்த துணி. பார்கோடு படிக்கும் மெஷினின் கண்ணில் தூள் அடைத்துக்கொண்டால் அந்தப் பனியன் துணிக்குத்தான் அது பணியும். இன்னொரு முக்கியமான சாமான் அவருடைய இயர்போன். அதில் இடது காது மட்டும் பேசும். "புச்சு ஒண்ணு வாங்கேன்ணா" என்று சொன்னால், "ஒரு காது நமக்கு, ஒரு காது உங்களுக்கு. ரெண்டையும் அடைச்சிக்கினா நீ கூவுறது எப்டிக் கேக்கும்?" என்பார்.

நாங்கள் கூவுவதற்குக் குறைவே கிடையாது. அந்தச் சாப்ட்வேர் அப்படி. டிரைவர் பெயருக்கு முன்னால் இனிஷியலும் புள்ளியும் போட்டால் திரை உறைந்துவிடும். அதனால் எங்கள் யார்டுக்கு வரும் எந்த டிரைவருக்கும் அப்பா கிடையாது. இரண்டு கவுன்டரிலும் ஒரே நேரத்தில் பிரின்ட் கொடுத்தால் இவன் சீட்டு அவனுக்கும் அவன் சீட்டு இவனுக்கும் வரும். ஆகவே நானும் கௌசரும் கண்ணாடித் தடுப்பைத் தட்டி, "நா போறேன்" "போ" என்று சொல்லிக்கொண்டுதான் சீட்டு அடிப்போம். என் கையில் இன்னொரு கோளாறு. மருந்துக் கடையில் ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டாவிட்டால் எழுதியது அழிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் என் சுண்டுவிரல் யாரையும் கேட்காமல் போய் என்டரில் விழும். "உன் சுண்டுவெரலுக்கு ஒரு பூட்டு செய்யணும் டெபோரா" என்று பாபு அண்ணன் கிண்டல் செய்வார்.

அந்தச் சாப்ட்வேரை விற்ற கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். கேள்வி கேட்க ஆளில்லை. அதன் ஒவ்வொரு கிறுக்குத்தனத்துக்கும் பாபு அண்ணன்தான் பதில். ஒரே ரிப்பேரை நூறாவது தடவை செய்கிற மனிதனின் களைப்பு அவர் முகத்தில் இருக்கும். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன்.

தினமும் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி விம்கோ நகரில் இறங்குவார். அந்த இருபது நிமிடம் அவருடையது. செல்போனில் கார்ட்டூன் படம் பார்ப்பார். குழந்தைகளுக்கானது என்று சொன்னால் பிடிக்காது, அனிமேஷன் என்று சொல்ல வேண்டும். ஒரு படம் ஒரு வாரம் வரும். திங்கட்கிழமை காணாமல் போன குட்டி வெள்ளிக்கிழமைதான் வீடு வந்து சேரும். நடுவில் என் போன் வந்தால் சனிக்கிழமை. "நிஜ மனுசன் நடிக்கிற படம் ஏன் பாக்க மாட்ற?" என்று ஒருதரம் கேட்டேன். "மனுசன நாள் பூரா பாத்துகினுதான கீறேன்" என்றார்.

பார்ப்பதோடு நிற்கவில்லை. அவரே ஒரு படம் செய்துகொண்டிருந்தார். பத்து வருடத்துக்கு மேலாக ஒரே படம், மூன்றே முக்கால் நிமிடம். எண்ணூர் ஆற்று நண்டு ஒன்று டிரெய்லர் ஓட்டுகிறது. நண்டின் பெயர் நாயகம். இரண்டு கொடுக்கால் ஸ்டீயரிங், மிச்சக் காலால் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு காலை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு வரும். பெரிய டிரெய்லரை ரிவர்ஸில் சந்துக்குள் விடத் திணறாத டிரைவர் இல்லை. நாயகம் அப்படித் திணறாது, பக்கவாட்டில் நடக்கிற ஜாதி அல்லவா, டிரெய்லரையே பக்கவாட்டில் நகர்த்திப் பெட்டிக்கு நேராக நிறுத்திவிடும். முடிந்த அரை நிமிடத்தை டிரைவர்கள் காத்திருக்கும் ஹாலில் டிவியில் போட்டார். சவுண்டு இல்லாத டிவி. எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஆறு மணி நேரம் வரிசையில் நின்று வெந்து வந்த ஆட்கள் அதைப் பார்த்துத் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். பாபு அண்ணன் கதவோரம் நின்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நண்டுதான் எனக்கு எமனாக வந்தது.

போன ஆகஸ்டில் தலைமை அலுவலகம் புதுச் சாப்ட்வேர் வாங்கியது. பழையதில் இருப்பதைப் புதியதில் ஏற்ற இரண்டு பேர் வந்தார்கள். உள்ளே உள்ள வண்டி ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து டிக் அடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒன்று இடித்தது. "அது கயிச்சுக்கணும் சார்" என்று கௌசர் வெள்ளந்தியாகச் சொன்னாள். அவர்கள் கழிக்கவில்லை. திறந்து பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் இருந்தது. 2016 ஆகஸ்டில் ஒரு டிரெய்லர் நாற்பதடிப் பெட்டியோடு உள்ளே வந்திருக்கிறது. வெளியே போகவில்லை. யார்டிலும் இல்லை. உள்ளே விட்டது யார் என்ற இடத்தில் என் பெயர்.

"பெட்டி எங்கம்மா?" என்றார்.

"எனுக்கு எப்டி சார் தெரியும்?"

"உங்க லாகின். உங்க பாஸ்வேர்டு. மூணு நாள்ல எழுத்துல பதில் குடுங்க. இல்லன்னா போலீஸ்ல புகார் குடுக்கச் சொல்லிட்டாங்க."

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். மகள் பிளஸ் டூ. என் ஒருத்தி சம்பளம். அதுகூடப் பரவாயில்லை, காசிமேட்டில் ஒருத்தியைத் திருடி என்று சொல்லிவிட்டால் பிறகு மீன் வாங்கக்கூட அவள் தலை நிமிர்ந்து போக முடியாது. தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். டிரைவர் பெயர் என்ற இடத்தில் 'நாயகம்' என்று இருந்தது.

தலைமை அலுவலகத்துக்காரர்களுக்கு அது ஒரு டிரைவர். எனக்கு அது ஒரு நண்டு. நேரே சர்வர் ரூமுக்குப் போனேன். ரூம் என்பது மரியாதைக்கு. பழைய ஸ்டோர், ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு பக்கெட். பாபு அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து கேபிளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா வேல செஞ்சு வச்சிகீற? என் லாகின்ல உன் நண்ட ஏத்தி உட்டிருக்க. என்னைத் திருடின்றானுங்க!" என்று கத்தினேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். எத்தனையோ நாளாக எதிர்பார்த்த கடிதம் வந்துவிட்டதுபோல மெதுவாக மடித்தார்.

"டெஸ்டுக்குப் போட்ட என்ட்ரிமா. நெஜப் பொட்டியே கெடியாது. நம்பரு நானா கட்டுனது."

"கட்னது கட்ன, கோணலாக் கட்றது? அப்பவே மாட்டியிருக்கும்ல."

"கோணலா போட்டா சிஸ்டம் எடுக்காது." வேலையைச் சுத்தமாகச் செய்கிற ஆள். பெட்டி நம்பரின் கடைசி எண் அதற்கு முன்னால் இருப்பவற்றை வைத்துப் போடும் ஒரு கணக்கின் விடை; பொய் நம்பரிலும் அதைப் பிசகாமல் போட்டிருக்கிறார்.

"அன்னிக்கே அழிச்சித் தொலைக்க வேண்டிதுதான?"

"அழிக்க உடாது. உள்ள வந்த வண்டி, பொட்டிய நாலு பக்கமும் போட்டோ புடிச்சு, சுப்பராயன் கையெழுத்து போட்டாத்தான் வெளிய போவும். இல்லாத பொட்டிக்கு அவுரு எப்டிக் கையெழுத்து போடுவாரு? அவரையும் இதுல இழுக்கணுமா? அத்தான் உட்டுட்டேன்." சுப்பராயன் எங்கள் சர்வேயர். பெட்டியில் அடி பட்டிருக்கிறதா என்று பார்ப்பவர். அடுத்த வருடம் ஓய்வு.

"உட்டுட்டு, ஒண்ணு கயிச்சுக்கோன்னு எங்களுக்குப் பாடம் எடுத்த."

"ஆமா" என்றார்.

ஒன்பது வருடம் தினமும் காலையில் அந்தக் கட்டத்தை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பக்கெட்டைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். பத்து வருடம் ஒரு பொம்மைப் படத்தை முடிக்கத் துப்பில்லாத ஆள், ஊரான் லாகினில் விளையாடி என் பொழைப்பைக் கெடுத்தாய் என்று சொன்னேன். அந்தப் பொம்மைப் படத்தைச் சொன்னபோது மட்டும் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ பதிலு ஒண்ணியும் எழுத வாணாம். நா எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

அன்றே எழுதிக் கொடுத்தார். கப்பல் கம்பெனிக்கு மெயில் போட்டுப் பார்த்தார்கள். அப்படி ஒரு பெட்டி உலகத்திலேயே இல்லை என்று பதில் வந்தது. திருட்டு இல்லை என்று ஆனது. ஆனால் இன்னொருவர் லாகினில் பொய்ப் பதிவு போட்டதும் ஒன்பது வருடம் மறைத்ததும் குற்றம், நீங்களே ராஜினாமா எழுதிவிட்டால் மரியாதை என்றார்கள். அதையும் எழுதிக் கொடுத்தார். கடைசி நாள் சாயங்காலம் கேட் வழியாகப் போகும்போது பையைத் திறந்து செக்யூரிட்டியிடம் காட்டினார். லேப்டாப், சார்ஜர், பனியன் துணி. பனியன் துணியை மட்டும் எடுத்து என் கவுன்டரில் வைத்தார்.

"மெஷினு படிக்கலன்னா இத்தால தொடை. ஸ்பிரே அடிச்சிடாத" என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன். உடனே திரும்பி அடுத்த வண்டியின் நம்பரை அடிக்கத் தொடங்கினேன். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற திமிர்.

அடுத்த வாரம் ஃபைலை முடிப்பதற்காக மேனேஜர் என்னிடம் கையெழுத்துக் கேட்டார். பாபு அண்ணன் எழுதிய கடிதத்தின் நகலும் பழைய பதிவின் முழு விவரமும் அதில் இருந்தன. கடிதத்தில், 'டெபோரா மதியம் சாப்பிடப் போயிருந்தபோது அவருக்குத் தெரியாமல் நான் தனியாக இந்தப் பதிவைச் செய்தேன்' என்று எழுதியிருந்தார். பதிவைப் பார்த்தேன். நேரம் காலை ஒன்பது ஐம்பத்திரண்டு.

காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு யார் மத்தியானச் சோறு சாப்பிடப் போகிறார்கள்? தேதியைப் பார்த்தேன். ஆகஸ்ட் எட்டு, திங்கட்கிழமை. நான் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர்ந்தவள்.

அப்போதுதான் அந்தக் காலை முழுசாக எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுக்க அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி எதுவும் வரவில்லை. சும்மா ஒரு வண்டியை எழுதிக் காட்டுகிறார். பெட்டி நம்பரை எப்படிச் சரிபார்ப்பது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். "டிரைவர் பேரு இன்னா போட?" என்று கேட்டுவிட்டு நாயகம் என்று அவரே அடிக்கிறார். அது யார் என்று கேட்கிறேன், நண்டு என்கிறார், நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். வெளியே கேட்டில் தடுப்புக் கம்பம் சிக்கிக்கொண்டு யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள். எழுந்து போகும்போது, "இத்தோட நிறுத்திக்கோ. என்டர் மட்டும் தட்டிடாத. நா வந்து அழிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

என் சுண்டுவிரல் போய்த் தட்டியது.

அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். கட்டத்தில் எண் ஒன்று கூடியிருந்தது. "தட்டிட்டியா?" என்றார். "தப்பாண்ணா?" என்று கேட்டேன். ஆறு மாதம் தற்காலிகம் என்று சொல்லித்தான் என்னை எடுத்திருந்தார்கள். சின்னத் தப்பு செய்தாலும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அப்போது நான் தினமும் அரை மணி முன்னாலேயே வேலைக்கு வந்துவிடுவேன். அவருக்கு அது தெரியும். "ஒண்ணியும் இல்ல. நா பாத்துக்கறேன்" என்றார். நானும் மறந்துவிட்டேன். மறப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது எனக்கு. ஒருதரம்கூட அவர் நினைவூட்டவில்லை. அந்த ரூமில் நான் அவரை அத்தனை பேச்சுப் பேசியபோதும் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். என்டர் தட்டியது நான், டில்லிபாபு எனக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை, தட்ட வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, அவரும் களைத்துப் போன ஆள்தான்.

"டெபோரா, ஒரு ஆள் போயாச்சு. ஃபைலை மூடியாச்சு. இதை நான் மேல அனுப்புனா அவரைத் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. உன்னையும் அனுப்புவாங்க. ரெண்டு பேரும் வீட்ல உக்காருவீங்க. அனுப்பட்டுமா?"

கடிதம் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் கிடந்தது. நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மகளுக்கு அந்த வாரம் கால் பரீட்சை. கையை நீட்டிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பாபு அண்ணன் இப்போது மகாகவி பாரதி நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மூலையில் உட்கார்ந்து லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறார் என்று கேள்வி. ரயில் ஏற வேண்டியதில்லை, நடந்தே போய்விடலாம். அப்படியானால் அந்த இருபது நிமிடம் அவருக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். மூன்றே முக்கால் நிமிடம். முடித்துவிட்டார். கோயில் வாசலில் நின்றபடியே பார்த்தேன். நாயகம் டிரெய்லரோடு ஒரு யார்டுக்குள் வருகிறது. பெட்டியை இறக்க ஆளில்லை, வெளியே போகச் சீட்டு இல்லை. சுற்றிச் சுற்றி வருகிறது. மழை வருகிறது, வெயில் வருகிறது, டயரில் புல் முளைக்கிறது. கடைசியில் கேட்டில் ஒரு ஜன்னல். உள்ளே ஒரு பொம்பிளை. மூக்குக் கண்ணாடிக் காம்பில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறாள். என் கண்ணாடியிலும் அதே இடத்தில்தான் பிளாஸ்டர். அவள் சுண்டுவிரலை மட்டும் உயரத் தூக்கி ஒரு பெரிய பட்டனில் தட்டுகிறாள். தடுப்புக் கம்பம் மேலே போகிறது. நண்டு ஒரு கொடுக்கை ஆட்டிவிட்டு எண்ணூர்ப் பக்கம் வண்டியைத் திருப்புகிறது. கீழே, 'சவுண்டு இன்னும் போடல. பாத்துட்டு சொல்லு' என்று எழுதியிருந்தார்.

அங்கேயே நின்று அழுதேன். தெரிந்தவர்கள் என்னம்மா என்று கேட்டார்கள், கண்ணில் தூசி என்றேன். பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இந்த நிமிடம் வரை எழுதவில்லை.

புதுச் சாப்ட்வேரில் எண்ணிக்கை சரியாக வருகிறது. பதினேழு என்றால் பதினேழுதான். யாரும் எதையும் கழிப்பதில்லை. கடிதம் என் கைப்பையில் இருக்கிறது, மகளின் பரீட்சை பீஸ் ரசீதுக்கும் அந்தப் பனியன் துணிக்கும் நடுவில்.